தோஹாவில் நடராஜா சர்வீஸ்

கே: வாரத்தில் ஒருநாள்தான் லீவு. துணி துவைக்கவா, தூங்கவா, பழைய தோஹாவைச் சுற்றிப் பார்க்கவா?
– ஒரு வெல்டர், ஸ்ட்ரீட் 33

ப: காலையில் துவையுங்கள், மதியம் தூங்குங்கள், சாயங்காலம் புறப்படுங்கள். சூக் வாகிஃப் கடைக்காரர்களும் மதியம் ஷட்டரை இறக்கிவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகுதான் திறக்கிறார்கள்.

கே: சனயா இண்டஸ்ட்ரியல் ஏரியாவிலிருந்து டாக்ஸிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது. வேறு வழி?
– ஒரு ஸ்டோர் கீப்பர், ஸ்ட்ரீட் 10

ப: கர்வா பஸ் பிடித்து மெட்ரோவுக்கு வந்துவிடுங்கள். கோல்டு லைனில் 'சூக் வாகிஃப்' என்ற பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது. சாதா வகுப்பில் ஒரு பயணம் 2 ரியால். இந்த ஊரில் 2 ரியாலுக்குக் கிடைக்கும் ஒரே கோல்டு அதுதான்! இறங்கிய பிறகு நடராஜா சர்வீஸ்.

கே: சூக் வாகிஃப் ரொம்பப் பழைய கடைத்தெரு என்றார்கள். போய்ப் பார்த்தால் சுவரெல்லாம் நேற்றுப் பூசியது மாதிரி இருக்கிறதே?
– ஒரு கொத்தனார், ஸ்ட்ரீட் 47

ப: கொத்தனார் கண்ணுக்குத் தப்புமா? சந்தை பழையது, பூச்சு புதியது. 2003-ல் தீப்பிடித்துப் பெரும்பகுதி நாசமானது. பிறகு இடையில் வந்து சேர்ந்த கான்கிரீட், தகரம் எல்லாவற்றையும் பிரித்தெடுத்துவிட்டு, பழைய பாணியிலேயே கட்டி 2008 வாக்கில் முடித்தார்கள். நீங்கள் சுவரை விடுங்கள், நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். வரிசையாகக் கழிகள், அதன்மேல் மூங்கில், அதன்மேல் பாய், எல்லாவற்றுக்கும் மேல் மண். அந்தக் காலத்தில் கழி, கிழக்கு ஆப்பிரிக்க அலையாத்திக் காடுகளில் வெட்டிப் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கியது. கழி எவ்வளவு நீளமோ, அறை அவ்வளவுதான் அகலம். பழைய வீடுகளில் அறையெல்லாம் ரயில் பெட்டிபோல ஒடுங்கி நீண்டிருப்பது அதனால்தான். சுவருக்குக் கடலிலிருந்து எடுத்த பவளக்கல். கீழக்கரைக்காரர் யாராவது உங்கள் ரூமில் இருந்தால் கூட்டிப் போங்கள். பவளக்கல் சுவர் அவருக்குப் புதிதல்ல.

கே: ஜூலையில் போகலாமா?
– ஒரு ஸ்கஃபோல்டர், ஸ்ட்ரீட் 52

ப: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் மதியம் 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. சம்பளம் கொடுத்தும் நிறுத்தக் கூடாத வெயிலில் சும்மா போய் நிற்பானேன்? டிசம்பரில் போங்கள்.

கே: மியூசியம் எல்லாம் இருக்கிறதாமே, எங்களை உள்ளே விடுவார்களா?
– ஒரு ஹெல்பர், ஸ்ட்ரீட் 22

ப: நீங்கள் ஏன் அப்படிக் கேட்கிறீர்கள் என்பது புரிகிறது. குடும்பத்தோடு வருபவர்களுக்கு மட்டும் என்று பேச்சலர்களைத் திருப்பி அனுப்பிய இடங்கள் உண்டு. (ஊரில் மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருப்பவர் விமானத்தை விட்டு இறங்கியதும் பேச்சலர் ஆகிவிடுவது வளைகுடாவின் தனி அதிசயம்.) முஷைரிப் மியூசியத்துக்குத் தைரியமாகப் போங்கள். கட்டணம் கிடையாது. பத்தாக்கா (அடையாள அட்டை) மட்டும் பாக்கெட்டில் இருக்கட்டும்.

அங்கே நான்கு பழைய வீடுகளை 2015-ல் திறந்துவிட்டார்கள். முதலில் 'கம்பெனி ஹவுஸ்' போங்கள். ஒரு காலத்தில் எண்ணெய்க் கம்பெனியின் அலுவலகம் அது. ஜப்பான்காரன் வளர்ப்பு முத்தைக் கொண்டுவந்து இறக்க, இங்கே முத்துக் குளிப்பு படுத்துவிட்டது. பிழைப்புத் தேடி எண்ணெய் வயலுக்குப் போன கத்தாரிகளின் கதையை அங்கே சொல்கிறார்கள். வீட்டைப் பிரிந்து, பாலைவனத்தில் கேம்ப் அடித்து, வெள்ளைக்கார ஃபோர்மேனிடம் கைகட்டி வேலை பார்த்தவர்கள். 1949-ல் முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது அவர்கள் வியர்வையில். உங்கள் அர்பாபின் (முதலாளியின்) தாத்தாவும் அந்த வரிசையில் நின்றிருக்கலாம்!

அடுத்தது பின் ஜெல்மூத் ஹவுஸ். அடிமை வணிகத்தின் வரலாறு. கத்தாரில் அடிமைமுறையை ஒழித்தது 1952-ல்தான். இன்றைய கொத்தடிமைத்தனம் வரைக்கும் அங்கே பேசுகிறார்கள். தலைநகரின் நடுவில் அதை எழுதி மாட்ட ஒரு நாட்டுக்குத் துணிச்சல் வேண்டும், பாராட்டுவோம். எழுதியதைக் கம்பெனி முதலாளிகள் வந்து படித்தால் இன்னும் பாராட்டுவோம்.

கே: சூக்கில் ராஜாளிப் பறவைக்கு ஆஸ்பத்திரி இருக்கிறதாமே!
– ஒரு டிரைவர், ஸ்ட்ரீட் 1

ப: ஆஸ்பத்திரி மட்டுமா? வளைகுடாவில் ராஜாளிக்குப் பாஸ்போர்ட்கூட உண்டு. ஆனால் அதை முதலாளிதான் வைத்துக்கொள்வார். உங்கள் பாஸ்போர்ட்டை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. நீங்களே எழுதிக் கொடுத்தாலொழிய, உங்களிடம் திருப்பித் தர வேண்டும் என்கிறது 2015-ன் 21-ஆம் எண் சட்டம்.

கே: எண்பதுகளில் முஷைரிப்பில் ரூம் எடுத்திருந்தேன் என்கிறார் என் மாமா. அங்கே போனால் ட்ராம் ஓடுகிறது. மாமா கதை விடுகிறாரா?
– ஒரு ஏஸி மெக்கானிக், ஸ்ட்ரீட் 38

ப: மாமாவை நம்புங்கள். கத்தாரில் முதலில் மின்சார விளக்கு எரிந்த கஹ்ரபா தெரு அங்கேதான். பணக்காரர்கள் புறநகருக்குப் போக, காலியான வீடுகளில் நம் ஆட்கள், பாகிஸ்தானிகள், நேபாளிகள் நிறைந்தார்கள். பிறகு மொத்தமாக இடித்து, 31 ஹெக்டேரில் புதுநகரம் எழுப்பினார்கள். தொழிலாளர்கள் குடும்பக் குடியிருப்புப் பகுதிகளில் தங்கக் கூடாது என்று 2010-ல் சட்டமும் வந்தது. மாமாவின் ரூம்மேட்டுகளைத் தேடினால் பாதிப் பேர் சனயாவில் கிடைப்பார்கள். ட்ராமில் இலவசமாக ஒரு சுற்று சுற்றுங்கள், மாமா கொடுத்த வாடகைக்கு அதாவது மிஞ்சட்டும்.

கே: நம்ம ஊருக்கும் பழைய தோஹாவுக்கும் என்ன சம்பந்தம்?
– ஒரு கேம்ப் சமையற்காரர், ஸ்ட்ரீட் 15

ப: பண சம்பந்தம். 1966 வரை இங்கே புழங்கியது ரூபாய். 1959-லிருந்து நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டு அடித்தது. 1966-ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் கத்தார் கழன்றுகொண்டது. அன்று நம் ரூபாயில் வியாபாரம் நடந்த தெருவில், இன்று ரியாலுக்கு எத்தனை ரூபாய் என்று அண்ணாந்து பார்த்து நிற்கிறோம்.

கே: சூக்கில் பேரம் பேசலாமா?
– ஒரு பெயின்டர், ஸ்ட்ரீட் 29

ப: குங்குமப்பூவுக்குப் பேசுங்கள், அத்தருக்குப் பேசுங்கள், முத்துமாலைக்குக் கட்டாயம் பேசுங்கள். அரக்குச் சிவப்பு மேல்சட்டையோடு ஒற்றைச் சக்கர வண்டி தள்ளிவரும் ஹம்மாலிப் பெரியவரிடம் மட்டும் பேசாதீர்கள். கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.