பத்திரமா இருக்கு, அத்தை

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏசி பதினெட்டில் ஓடுகிறது. பேரன் பஞ்சுமிட்டாய் மாதிரி புசுபுசுவென்று ஒரு பாலியஸ்டர் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறான். நான் தைத்துக் கொடுத்த போர்வை எங்கே என்றேன்.

"பத்திரமா இருக்கு, அத்தை" என்றாள் மருமகள்.

பரணில். ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில். நாலு நாப்தலீன் உருண்டையோடு. டிவி ரிமோட்டுக்கே பாலிதீன் உறை போட்ட வம்சம் நாம், பேச எனக்கு யோக்கியதை இல்லைதான். இருந்தாலும் பேசுவேன்.

அது என் அம்மாவின் ஒன்பது கஜம், மதுரைச் சுங்குடி. எட்டேகால் மீட்டர் துணி. நாலாக மடித்தால் ஆறரை அடிக்கு மேல் வரும். பேரன் கல்யாணம் வரை கால் வெளியே நீட்டாது. சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அம்மாவின் சேலை கரித்துணியாகும் பக்குவத்தில் இருந்தது. அப்படி நைந்த பருத்திதான் பிள்ளை உடம்பில் உறுத்தாது. நாலு மடிப்பும் சுருங்காமல் ஓட்டுத்தையல் போட ஒரு சூட்சுமம் உண்டு, சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமே! கண்புரை ஆபரேஷன் ஆனவள் நான். நூல் நுனியை நாக்கில் நனைத்து, முறுக்கி, ஊசியை ஜன்னலுக்கு நேரே பிடித்தால் காது தெரிகிறது. நூலைக் கிட்டே கொண்டுபோனால் இரண்டு காது தெரிகிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினால் நூலைக் காணோம். மூக்குக்கு இறக்கினால் ஊசியைக் காணோம். வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "ஊசியை நூல்கிட்ட கொண்டு போ" என்பார். ஐம்பது வருஷமாக இதே யோசனை. நுழைந்துவிட்டது என்று இழுத்தால் நூல் ஊசிக்குப் பின்பக்கமாகப் போயிருக்கும். மறுபடி எச்சில். பக்கத்து வீட்டுப் பொடியன் ஒரே குத்தில் கோர்த்துவிட்டு, "இவ்ளோதானா பாட்டி?" என்பான். அவனுக்கு ஒரு முறுக்கு. முறுக்குச் செலவைக் கூட்டிப் பார்த்தால் அந்தப் பாலியஸ்டரையே வாங்கியிருக்கலாம்.

வங்காளத்திலும் பழைய சேலையை அடுக்கித் தைப்பார்கள், நக்ஷி காந்தா என்று பெயர். அதை வைத்து ஜசிமுத்தீன் 1929-ல் ஒரு காவியமே எழுதினார். நம் வீட்டில் பரண்.

விடாப்பிடியாக இறக்கச் சொன்னேன். பேரன் முகர்ந்து பார்த்தான்.

"அப்பத்தா, பாத்ரூம் வாசனை."

இப்போது மகள் வயிற்றுப் பேத்திக்கு அடுத்த சேலையை மடித்து வைத்திருக்கிறேன். அந்தச் சூட்சுமம் என்னவென்றால்... இருங்கள், நூல் வெளியே வந்துவிட்டது.