குறிக்கோள்காரர்

காலை ஐந்து மணிக்குக் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். டாக்டர் சொன்னதால் வந்தவர்கள் ஒரு வகை. கூட்டமாக நடப்பார்கள், சர்க்கரையைப் பற்றியும் மருமகளைப் பற்றியும் பேசுவார்கள், இரண்டு சுற்று முடிந்ததும் குறைந்த சர்க்கரையை ஈடுகட்டக் காபிக்கடைக்குப் போவார்கள். இன்னொரு வகை குறிக்கோள்காரர். தனியாக வருவார். மணிக்கட்டில் அடிகளை எண்ணும் கடிகாரம், காதுக்குள் யாரோ ஒரு அமெரிக்கர், சட்டைப்பையில் குட்டி நோட்டு. எதிரே வந்த பாவத்துக்கு நீங்கள் "என்னங்க, வாக்கிங்கா?" என்று கேட்டுவிட்டால் நின்றுவிடுவார்.

"வாக்கிங் இல்லீங்க. இன்டென்ஷனல் வாக்கிங்."

குனிந்து பார்த்தேன். நம்முடையதைப் போன்ற கால்கள்தான்.

ஐந்து மணிக்கு எழுவதன் மகிமையைச் சொல்லி ராபின் சர்மா 2018-இல் ஒரு புத்தகமே எழுதினார். அப்படி எழுகிறவர்கள் எல்லாரும் அதில் ஒரு சங்கம். கொங்கு நாட்டில் அதற்கு முன்பும் ஐந்து மணிக்கு எழுந்தவர்கள் உண்டு. பால் கறந்தார்கள், முதல் ஷிப்டுக்கு மில்லுக்குப் போனார்கள். அவர்களை எந்தச் சங்கத்திலும் யாரும் சேர்க்கவில்லை. இரவு ஒன்பதே முக்காலுக்குக் குறிக்கோள்காரர் மொட்டைமாடியில் விறுவிறுவென்று நடப்பார். திருடன் பயம் இல்லை. பத்தாயிரம் அடியில் எண்ணூறு பாக்கி. 1965-இல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற நடையளவுக் கருவியின் பெயரிலிருந்துதான் அந்தப் பத்தாயிரம் ஊரெல்லாம் பரவியது என்று ஒருமுறை அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"விக்கறவனுக்கும் ஒரு குறிக்கோள் இருந்திருக்குதில்லீங்க" என்றார்.

நான் சொல்வது எங்கள் தெருக்காரர் ஒருவரை. தெருவுக்கு ஒருவராவது இப்போது இருப்பதால், உங்களுக்கு வேறு முகம் நினைவுக்கு வந்தாலும் தப்பில்லை. கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருந்தவர். காயில் கட்டியே ஒரு மகளைப் படிக்கவைத்து பெங்களூருக்கு அனுப்பினார். இடுப்புவலி வந்ததும் பட்டறையைத் தன்னிடம் தொழில் பழகிய பையனிடமே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். சும்மா இருக்கிறாரே என்று மகள் 'இக்கிகாய்' புத்தகத்தை அனுப்பிவைத்தாள். ஜப்பானியப் பெரியவர்கள் சொன்ன வாழ்க்கை ரகசியம் என்று பயபக்தியோடு படித்தார். எழுதிய இருவரும் ஸ்பெயினில் பிறந்தவர்கள் என்பது பின்னட்டையில் இருந்தது. பின்னட்டை வரை வருவதற்குள் அவர் ஆளே மாறிவிட்டார்.

தான் எதற்காகப் பிறந்தோம் என்பதை மூன்று வரியில் எழுதி, லாமினேட் செய்து, பிரிட்ஜ் கதவில் கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில் ஒட்டினார். மறுநாள் காலை, தட்டில் இட்லி விழுந்ததும் மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"இதை யோசிச்சுச் செஞ்சயா, பழக்கத்துல செஞ்சயா?"

"மாவு புளிச்சுப்போச்சுங்க" என்றார் அந்த அம்மாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஸ்டீபன் கோவி விடவில்லை. அவர் 1989-இல் எழுதிய 'ஏழு பழக்கங்கள்' புத்தகத்தில் ஒரு பயிற்சி வரும். நம் சாவுக்கு நாமே போவதாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். குடும்பத்திலிருந்து ஒருவர், நண்பர் ஒருவர், தொழிலில் உடனிருந்தவர் ஒருவர், பொதுக்காரியத்தில் பழகியவர் ஒருவர் என்று நாலு பேர் எழுந்து நம்மைப் பற்றிப் பேசுவார்கள். என்ன பேசினால் நமக்குப் பிடிக்குமோ அதற்கேற்ப இன்றிலிருந்து வாழ வேண்டும். அமெரிக்காவுக்குச் சரி, அங்கே அப்படிப் பேசுகிற வழக்கம் உண்டு. நம் ஊர்ச் சாவு வீட்டில் பேசுவது பந்தல்காரரும், எத்தனை மணிக்கு எடுப்பது என்று பங்காளிகளும்தான்.

குறிக்கோள்காரர் கண்ணை மூடினார். ஹாலில் கிடத்தியிருக்கிறது. மாலைகள் விழுகின்றன. குடும்பத்தின் சார்பில் பேசுவதற்கு மச்சினரைப் போட்டிருந்தார். மச்சினரைக் காணோம். எவ்வளவு நேரம் கண்ணை மூடிக் காத்திருந்தும் மச்சினர் வந்தபாடில்லை. கண்ணைத் திறந்ததும் நேராகப் போனை எடுத்தார்.

"என் சாவுக்கு நீ வருவயா, மாட்டயா? ஒரே வார்த்தைல சொல்லு."

மறுமுனையில் பதற்றமே இல்லை. "எப்பங்க மாமா?"

தேதி முக்கியமில்லை, மனசுதான் முக்கியம் என்று இவர் விளக்க, வைகாசி முழுக்கக் கல்யாணமாக இருக்கிறது, முன்னே பின்னே என்றால் தோதுப்படும் என்று அவர் சொல்ல, இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றது. வராத சாவுக்கு வராத மச்சினர் மேல் வந்த கோபம் தணிய ஆடிநோன்பு வரை ஆயிற்று.

இத்தாலிக்காரர் ஒருவரும் இவர் வாழ்க்கையில் விளையாடியிருக்கிறார். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், படிப்பில் மனம் நிற்காமல், சமையலறைத் தக்காளிக் கடிகாரத்தை முடுக்கிவைத்துப் படிக்க ஆரம்பித்தார். 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு, உலகமே பிடித்துக்கொண்டது. குறிக்கோள்காரர் அதைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறார், தக்காளிக்குப் பதில் ஒரு பெண் குரலோடு. நாங்கள் இருவரும் ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனோம். பாயில் உட்கார்ந்திருக்கிறோம். தாயாரின் கடைசி இரவைப் பற்றி மகன் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ரெண்டு மணிக்குத் தண்ணி கேட்டாங்க. குடுத்தேன். என்னையவே பாத்துட்டிருந்தாங்க..." அந்த இடத்தில் குறிக்கோள்காரரின் சட்டைப்பையிலிருந்து கணீரென்று வந்தது: "டைம் இஸ் அப்! வெல் டன்!"

அந்த வீட்டில் அதற்குப் பிறகு ஐந்து நிமிஷம் யாரும் பேசவில்லை. முறைப்படி அது ஓய்வு நேரம்தான்.

கல்யாண வரவேற்பிலும் இப்படித்தான். பின்னால் கவரோடு நீளமான வரிசை நிற்க, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த அஞ்சு வருஷத்துக்கு என்ன பிளானுங்க தம்பி?" என்பார். பையன் பெண்ணைப் பார்ப்பான், பெண் போட்டோகிராபரைப் பார்ப்பாள்.

பெஞ்சமின் பிராங்கிளின் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியல் போட்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பழகி, தவறிய இடத்தில் கறுப்புப் புள்ளி வைத்துக்கொண்டவர். குறிக்கோள்காரரும் அந்தக் கட்டம் போட்ட தாளை வரைந்துகொண்டார். பதின்மூன்றாவது குணம் பணிவு. அந்த வாரம் தெருவில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் "இந்த வாரம் நான் பணிவுங்க" என்று அறிவித்தார். புள்ளியே விழவில்லை.

இந்த வகை மனிதர் திடீரென்று முளைத்தவர் என்று நினைக்க வேண்டாம். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தமிழ்வாணன் நம் அப்பாக்களைத் தட்டி எழுப்பினார். அமெரிக்காவிலிருந்து திரும்பிய எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' பீரோவில் இல்லாத வீடு ஒரு காலத்தில் குறைவு. 1988-இல் பாலசந்தர் 'உன்னால் முடியும் தம்பி' எடுத்தபோது கமல்ஹாசன் பாத்திரத்துக்கு அவர் பெயரையே வைத்தார். ஒரு வித்தியாசம் மட்டும் எனக்குக் கண்ணை உறுத்துகிறது. அந்தப் படத்து உதயமூர்த்தி ஊர்க் குடியை நிறுத்தக் கிளம்பினான். இன்றைய குறிக்கோள்காரர் ராத்திரி எத்தனை நிமிஷம் ஆழ்ந்து தூங்கினோம் என்று காலையில் கடிகாரத்தைக் கேட்கிறார். தெருமுனையில் சாக்கடை உடைந்து ஓடினால் அதைத் தாண்டிப் போவார்; தாண்டிய அடியும் கணக்கில் ஏறும்.

அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் ஆட்டோபைலட். "ஊரே ஆட்டோபைலட்ல ஓடிட்டிருக்குதுங்க. பல்லு வெளக்கறான், பஸ் ஏறறான், எதுக்குடான்னு கேட்டா முழிக்கறான்." 1914-இல் பாரிஸ் பக்கம் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க இளைஞர் விமானத்தைத் தன் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கூட வந்த மெக்கானிக் இறக்கைமேல் ஏறி நடந்தார். விமானம் கவிழவில்லை, கீழே கூட்டம் ஆர்ப்பரித்தது. ஓட்டுகிற வேலையைக் கருவி பார்த்துக்கொண்டதால்தானே அந்த ஆள் ஆகாயத்தில் உலாத்த முடிந்தது என்று கேட்டால், "அது பிளேனு, நாம மனுசங்க" என்பார்.

மனுசங்க விஷயத்தையும் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே தம் உளவியல் நூலில் பேசிவிட்டார். ஒவ்வொரு சுருட்டைப் பற்றவைக்கவும், ஒவ்வொரு கோப்பையைக் குடிக்கவும், தினம் படுக்கவும் எழவும் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியிருப்பவனைப் போலப் பரிதாபத்துக்குரியவன் இல்லை என்பது அவர் கட்சி. சில்லறை வேலைகளைப் பழக்கத்திடம் தள்ளிவிட்டால்தான் மூளைக்குப் பெரிய வேலை பார்க்கக் கை ஒழியும். நான் ஜேம்ஸ் கட்சிதான். குறிக்கோள்காரரோடு ஓட்டலுக்குப் போனால் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள். சர்வர் ஒரே மூச்சில் பலகாரம் அத்தனையையும் ஒப்பித்துவிட்டு நிற்பார். இவர் கண்ணை மூடிக்கொண்டு, உடம்பு எதைக் கேட்கிறது என்று உள்ளே விசாரிப்பார். சர்வர் போய் இரண்டு மேஜைக்குப் பில் வைத்துவிட்டு வருவார். உடம்பு கடைசியில் நெய் ரோஸ்ட் கேட்கும். பட்டறை நாளிலிருந்து அது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பீளமேட்டில் ஒரு மண்டபத்தில் வகுப்பு; தலைப்பு, பழக்கத்தின் பிடியிலிருந்து விடுபடுவது எப்படி. துணைக்கு என்னையும் கூப்பிட்டார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். வழி நெடுக, எதையும் விழிப்போடு செய்ய வேண்டும், வண்டி ஓட்டுவதைக்கூட என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே வந்தார். அவிநாசி ரோட்டில் நேரே போக வேண்டிய வண்டி சத்தி ரோட்டில் ஏறியபோது, குறுக்குவழி போலிருக்கிறது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். கணபதியில் ஒரு சந்துக்குள் நுழைந்து, வேப்பமரத்தடியில், ஸ்டாண்டு போட்டு நின்றது வண்டி. முன்னால் அவருடைய பழைய பட்டறை. ஞாயிறென்றும் பாராமல் ஷட்டர் பாதி திறந்திருந்தது.

உள்ளே பையன் மேஜைமேல் ஒரு மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு, காயிலை வெட்டி எடுக்க உளியைக் கையில் எடுத்திருந்தான். இன்னொரு கை எதற்கோ ஷாப்டைச் சுற்றிவிட்டது. கர்ரென்று ஒரு சத்தம். எனக்கு அது சத்தம், அவ்வளவுதான்.

"காயிலை வெட்டாதடா" என்றார் குறிக்கோள்காரர். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "பேரிங் போயிருக்குது. காயில் எரிஞ்சிருந்தா வார்னிஷ் வாசம் வாசப்படியிலயே அடிச்சிருக்கும்."

பையன் மெக்கரை வைத்துப் பார்த்தான். காயில் நன்றாக இருந்தது. பேரிங்கைக் கழற்றினான்; குண்டுகள் தேய்ந்து போயிருந்தன. அதற்குள் இவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அடுத்த மோட்டாரின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். டீ வந்தது. சர்க்கரை எவ்வளவு என்று டீக்கடைப் பையன் கேட்கவும் இல்லை, உடம்பை இவர் விசாரிக்கவும் இல்லை. மூன்றாவது மோட்டாருக்கு நடுவில்தான் சட்டைப்பையிலிருந்து அந்தப் பெண் "டைம் இஸ் அப்" என்றாள். குறிக்கோள்காரர் திடுக்கிட்டுச் சுவரையும் என்னையும் பார்த்தார்.

"நாம எங்கீங்க வந்திருக்கறோம்?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு குட்டி நோட்டை எடுத்து, கிரீஸ் விரலால் பக்கத்தைப் புரட்டி, அன்றைய தேதிக்கு நேரே "களஆய்வு, திட்டமிட்டது" என்று எழுதினார். எழுதிவிட்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னைக் கேட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது பையன் வாசல் வரை வந்தான். "அடுத்த ஞாயித்துக்கெழமை ரெண்டு சப்மெர்சிபிள் வருதுங்கண்ணா. கொஞ்சம் வந்து பாத்தீங்கன்னா தேவல."

"அன்னைக்கும் வகுப்பு இருக்குதேப்பா."

"இருக்கட்டுங்கண்ணா. நீங்க வகுப்புக்கே கெளம்புங்க."