தொண்ணூற்றொன்பது சதவீதக்காரர்

தொண்ணூற்றொன்பது சதவீதக்காரர் என்பவர் சென்னையின் மேற்குப் புறநகரில், கொரட்டூர் தொடங்கி அம்பத்தூர், திருமுல்லைவாயல், ஆவடி, பட்டாபிராம் வரை ரயில் பாதையை ஒட்டியும், அந்தப் பக்கம் பூந்தமல்லி வரையிலும் பரவலாகக் காணப்படும் இளைஞர். வயது 18 முதல் 26 வரை. பெரும்பாலும் பொறியியல் மாணவர். அல்லது ஆஃபர் லெட்டர் வந்தும் ஜாயினிங் தேதி வராமல் வீட்டில் இருப்பவர். கரண்ட் இல்லாத நேரத்தில் மடிக்கணினியில் கேம் ஆடுவது இவர் லட்சியம். அதற்காக அதன் பவர் செட்டிங்ஸைத் திருத்திக்கொண்டே இருப்பது இவர் தொழில். ஆட்டத்தைவிடத் திருத்தத்துக்கே நேரம் அதிகம் போகிறது என்பது வீட்டாரின் கட்சி. இவர் அதை மறுக்கிறார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த வகையினர் உருவானதற்கு மின்வாரியமே முதல் காரணம். 2012-இல் சென்னைக்கே தினமும் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்தது. மற்ற மாவட்டங்களின் கதையைச் சொல்லவே வேண்டாம். கார்ட்டூன் பாதியில் நின்றுபோன அந்தத் தலைமுறைதான் இன்று மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறது. அந்த மின்வெட்டு ஒழிந்துவிட்டது. ஆனாலும் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை விநியோகம் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு நாளிதழின் ஓரத்தில் வந்துகொண்டுதான் இருக்கிறது. நாளிதழில் இவர் படிக்கும் ஒரே பகுதி அதுதான். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சிக்குள் போனதும், ஆவடி 2019-இல் தானே மாநகராட்சி ஆனதும் இவருக்குப் பொருட்டில்லை. ஊரை இவர் அறிவது துணைமின் நிலையத்தையும், அதிலிருந்து தெருவுக்கு வரும் ஃபீடர் லைனையும் வைத்து. புதிதாக நட்பாகிறவரிடம் எந்தக் காலேஜ் என்று கேட்பதற்கு முன்பே, “நீ எந்த ஃபீடர்டா?” என்று கேட்டுவிடுவார். வேறு ஃபீடர் என்று தெரிந்தால் நட்பு உடனே இறுகும். இங்கே கரண்ட் போகும் நாளில் அங்கே இருக்குமே.

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எழுபதாயிரம், எண்பதாயிரம் ரூபாய்க்கு மாதத் தவணையில் வாங்கிய கேமிங் மடிக்கணினி அது. சுவரில் சொருகி ஆடினால் 180 முதல் 230 வாட் வரை தரக்கூடிய அடாப்டர் அதற்கு உண்டு. பேட்டரியோ இந்த விலையில் 50, 60 வாட்-மணி அளவுக்குத்தான் வரும். எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் நூறைத் தாண்டுவது அபூர்வம். விமானத்தில் கையோடு கொண்டுபோக 100 வாட்-மணிதான் பொதுவான வரம்பு என்பதால் தயாரிப்பாளர்களும் அதற்குள்ளேயே நின்றுகொள்கிறார்கள். விமானமே ஏறாமல் ஆவடியிலேயே இருப்பவரும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவரே. பேட்டரியில் ஓடும்போது கணினி தானாகவே அடங்கி 70 வாட் அளவுக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 56 வாட்-மணி 48 நிமிடத்தில் தீரும். மின்தடையோ ஐந்து மணி நேரம். இந்த 48 நிமிடத்தையும் ஐந்து மணி நேரத்தையும் சந்திக்க வைப்பதுதான் இவர் எடுத்துக்கொண்ட பணி. கல்யாணத் தரகர்கள்கூட இவ்வளவு பொருத்தமில்லாத ஜோடியைக் கையில் எடுப்பதில்லை.

பெயருக்குக் காரணமான 99 இங்கேதான் வருகிறது. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸுக்குள் நாலைந்து கதவு தாண்டிப் போனால் ‘மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்’ என்று ஒரு வரி இருக்கும். அதில் 100 என்றிருப்பதை 99 ஆக்க வேண்டும். நூறில் ஒன்று குறைகிறது என்று அப்பாவி நினைப்பான். உண்மையில் நடப்பது வேறு. பெரும்பாலான இன்டெல் கணினிகளில் அந்த ஒரு சதவீதம் போனதும் டர்போ பூஸ்ட் முழுதாக நின்றுவிடும். 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை துள்ளிக்கொண்டிருந்த ப்ராசஸர், தன் அடிப்படை வேகமான இரண்டரைக்கு இறங்கி உட்காரும். ப்ராசஸர் குடிக்கும் மின்சாரம் வேகத்தோடும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுவது. வேகம் கூடக்கூட அழுத்தமும் கூட வேண்டியிருப்பதால், கடைசி கொஞ்சம் வேகத்துக்குத்தான் கொள்ளைச் செலவு. அதை வெட்டினால் வாட் பாதியாகலாம், சூடும் சட்டென்று இறங்கும். இவருடைய வித்தைகளில் உண்மையிலேயே பலன் தருவது இதுதான் என்று தாராளமாகச் சொல்லலாம். கண்டுபிடித்தவர் தாம் இல்லை என்பதை இவர் குறிப்பிடுவதில்லை. “மச்சி, தொண்ணூத்தொம்போதுல வை, அப்புறம் வந்து பேசு” என்று ஜூனியர்களுக்கு உபதேசம் செய்யும்போது குரல் தாழ்ந்து, சுற்றுமுற்றும் ஒரு பார்வை போகும்.

இதற்கு மேல் போகிறவர்களும் உண்டு. ப்ராசஸருக்குப் போகும் அழுத்தத்தையே மென்பொருளால் சில பத்து மில்லிவோல்ட் குறைப்பது அந்த மேல்வகுப்பின் பாடம். 2019 டிசம்பரில், இதே வழியில் புகுந்து கணினியைத் தாக்கலாம் என்று காட்டிய ‘பிளண்டர்வோல்ட்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அதையடுத்துப் பல கணினிகளில் பயாஸ் அப்டேட் வந்து அந்த வழி அடைபட்டது. அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள்கூட இன்று அதைச் சொந்தச் சொத்து பறிபோனதுபோல் பேசுகிறார்கள்.

99-க்குப் பிறகு மற்றவை வரிசையாக விழும். 144 ஹெர்ட்ஸ் திரை 60-க்கு இறங்கும். வெளிச்சம் நாற்பது சதவீதத்துக்கு வரும். கீபோர்டின் வண்ண விளக்குகள் அணையும். அந்த விளக்குகளுக்காகவே இந்த மாடலை வாங்கியது தனிக் கதை. ஃப்ரேம் எண்ணிக்கைக்கு 30 என்று பூட்டு விழும். டெக்ஸ்ச்சர், நிழல், புல், தண்ணீரில் தெரியும் பிம்பம் எல்லாம் ‘லோ’. சில தீவிரவாதிகள் தனி கிராஃபிக்ஸ் சிப்பையே அணைத்துவிட்டு, ப்ராசஸரோடு ஒட்டிப் பிறந்த சின்ன கிராஃபிக்ஸில் ஓட்டுகிறார்கள். இப்படித் தவணை கட்டிய ஒவ்வொன்றையும் அணைத்து முடித்த பிறகு மிஞ்சுவது, தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டத்தில் அக்காவுக்குக் கிடைத்த விலையில்லா மடிக்கணினியின் சாயலில் ஒரு யந்திரம். எண்பதாயிரம் போட்டு வாங்கியதை விலையில்லாததாக மாற்ற இரண்டு வாரம் பிடிக்கிறது. அக்காவிடம் இதைப் பற்றிக் கருத்துக் கேட்பதை இவர் தவிர்க்கிறார்.

பலன் இல்லாமலில்லை. 70 வாட் 28 ஆகும். 48 நிமிடம் இரண்டு மணி நேரமாகும். முப்பது ஃப்ரேமில் வேலரன்ட் ஆடினால் எதிரி முதலில் இவரைப் பார்த்து, சுட்டு, நகர்ந்தும் விடுவான். அதன் பிறகே இவர் திரைக்கு எதிரி வருவான். ஆனால் அப்படிச் சாவது இரண்டு மணி நேரம் நீடிக்கிறது. முன்பு 48 நிமிடம்தான் சாக முடிந்தது.

மின்தடை நாளின் ஒழுங்கு முந்தைய இரவே தொடங்கும். பேட்டரியின் ஆயுளுக்காக 80 சதவீதத்தோடு நிறுத்தி வைத்திருந்த சார்ஜ் வரம்பு நீக்கப்படும். காலை எட்டரைக்கு நூறு. ஒன்பதுக்கு ஹெட்ஃபோன் ஏறும். கரண்ட் போகாது. மின்வாரிய ஊழியர்கள் டீ குடித்துவிட்டு வர ஒன்பதே கால், ஒன்பதரை ஆகும். இப்போதே ஆடத் தொடங்கலாம். அது சுவர் மின்சாரம் என்பதால் பெருமைக்குரியதாகாது. தானே பிளக்கைப் பிடுங்கலாம்; பதினைந்து நிமிடம் வீணாகும். அதனால் கையைக் கட்டிக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்தபடி காத்திருப்பார். அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் கரண்ட் ஏன் இன்னும் போகவில்லை என்று மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு ஃபோன் போட்டுப் புகார் சொல்ல நினைக்கும் ஒரே நுகர்வோர் இவராகத்தான் இருப்பார்.

ஒருவழியாகப் போகும். விசிறி ஒரு கணம் தயங்கிவிட்டு மறுபடி சுழலும், மாடத்தில் இருக்கும் வைஃபை ரூட்டரோ கண்ணை மூடும். செட்டிங்ஸில் இதற்கு மருந்தில்லை. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை எடுப்பார். கேமைத் திறந்தால் அது நாலு ஜிபி அப்டேட் கேட்கும். அன்றைய டேட்டா வரம்பு இரண்டு ஜிபி. வேறொரு கேமுக்கு மாறுவார். ஹாட்ஸ்பாட்டால் கைப்பேசி 20 சதவீதத்துக்கு வந்து நிற்கும். கேபிளில் மடிக்கணினியோடு சேர்த்து யுஎஸ்பி டெதரிங் போடுவார். நெட் நன்றாக வரும். ஆனால் 28 வாட்டில் நின்ற கணக்கு 33 ஆகும். கூடுதல் ஐந்து வாட் எங்கே போகிறது என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டு டாஸ்க் மேனேஜரில் வரிவரியாகத் தேடுவார். அது கேபிள் வழியாகக் கைப்பேசிக்கு சார்ஜாகப் போய்க்கொண்டிருப்பது தெரிய வரும்போது பத்தே முக்கால் ஆகியிருக்கும்.

வீட்டில் இன்வர்ட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. ஏட்டில் 1800 வாட்-மணி. மடிக்கணினியைப்போல முப்பது மடங்கு. ஆனால் வயரிங் செய்த எலெக்ட்ரீஷியன், விசிறிக்கும் ட்யூப்லைட்டுக்கும் மட்டும் இன்வர்ட்டர் லைன் கொடுத்து, பிளக் பாயின்ட்டுகளை ஒதுக்கிவிட்டிருப்பார். விதிவிலக்கு ஹாலில் டிவிக்கு அருகே உள்ள ஒரே ஒரு பாயின்ட். அங்கிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து வந்த முதல் நாளே, இன்வர்ட்டர் கீச்சிட்டது, பாட்டியின் விசிறி நின்றது, வழக்கு அம்மாவிடம் போனது. “டேய், இன்வர்ட்டர் ஆயாவுக்கு வாங்குனது. உன் பொட்டிக்கு இல்ல” என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டுக்கு அப்பாவிடம் போவதில் பயனில்லை. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிப் பில் எகிறும் என்பதால், ரீடிங் எடுக்கும் தேதி நெருங்க நெருங்க அவர் ஒவ்வொரு அறையாகப் போய் சுவிட்சை அணைத்துக்கொண்டிருப்பார். தினம் நாலு மணி நேரம், 200 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 48 யூனிட் என்று மகன் காகிதத்தில் போட்டுக் காட்டியது, அவரைச் சமாதானப்படுத்தவில்லை. அதுவரை அவருக்கு அந்த எண் தெரியாமல் இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருபது வருடம் நின்ற அப்பாக்கள் இதில் தனி ரகம். மகன் இரண்டு வாரம் இரவு கண்விழித்து எட்டிய முடிவை, “லோடைக் கொறைச்சா அதிக நேரம் ஓடும், இதுல என்னடா இருக்கு?” என்று காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிடுவார்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்ற தாத்தாக்களோ கணினியை விட்டுவிட்டு அடாப்டரைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமான சரக்கு என்று பாராட்டுவார்கள்.

புயல் காலம் இந்த விதிகளுக்கு வெளியே இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் அம்பத்தூர் தொழிற்பேட்டையையே தண்ணீரில் நிறுத்தியபோதும், கரண்ட் வர நாள் கணக்கானது. மிக்ஜாமின் இரண்டாம் நாளில் இன்வர்ட்டர்களும் ஓய்ந்தபின், தெருவில் உயிரோடு இருந்த மின்சாரம் இத்தகையவர்களின் மடிக்கணினியில்தான் இருந்தது. 56 வாட்-மணியில், வீணாவது போக, இரண்டு கைப்பேசியை நிரப்பலாம். ஆளுக்குப் பத்து சதவீதம் என்றால் பத்துப் பதினைந்து வீட்டுக்குப் பங்கிடலாம். திரையை அணைத்துவிட்டு யுஎஸ்பி மட்டும் உயிரோடு இருக்கும்படி எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று இவர் யோசிக்கவே இல்லை, விரல் தானாகப் போனது. அந்த வாரம் மாடிப்படியில் இவருக்குக் கிடைத்த இட்லியும் மரியாதையும் எந்த ஆட்டத்திலும் கிடைத்ததில்லை. கரண்ட் வந்த மறுநாள் மரியாதை பழைய நிலைக்கு வந்தது.

பேட்டரி தேய்வதே இவர் வாழ்வின் ஒரே துயரம். ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையால் விண்டோஸ் எழுதித் தரும் பேட்டரி ரிப்போர்ட்டை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பார். வாங்கும்போது 56 இருந்த இடத்தில் இரண்டு வருடத்தில் 43 என்று நிற்கும். லித்தியம்-அயன் பேட்டரிக்கு ஆகாத இரண்டு, சூடும் எப்போதும் நூறு சதவீதத்தில் கிடப்பதும். சென்னை மே மாதத்தில் மெத்தை மேல் வைத்து ஆடுகிறவருக்கு முதலாவது தவறாமல் கிடைக்கும். அப்புறம் புது பேட்டரிக்கு ரிச்சி தெருக் கடைகள்தான். அங்கே ‘ஒரிஜினல்’, ‘ஓஈஎம்’, ‘கம்பாட்டிபிள்’ என்று மூன்று விலை சொல்வார்கள். மூன்றும் ஒரே டப்பாவிலிருந்து வருகின்றனவா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, நடு விலைக்கு வாங்கி வருவார்.

பிற்காலத்தில் இவர்களில் பலர் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே ஐடி கட்டடங்களில் வேலைக்குப் போகிறார்கள். அங்கே கரண்ட் போனால் ஜெனரேட்டர் சில நொடியில் எடுத்துக்கொள்ளும். அலுவலக மடிக்கணினியில் பவர் ஆப்ஷன்ஸ் நிர்வாகியால் பூட்டப்பட்டிருக்கும். முதல் வாரத்திலேயே அதைத் திறந்து தரச் சொல்லி டிக்கெட் போட்டு, காரணம் கேட்கப்பட்டு, பேசாமல் மூடுவார்கள். முதல் போனஸில் சிலர் மடிக்கணினியே வேண்டாமென்று மேசைக்கணினி வாங்கி, கூடவே ஒரு யுபிஎஸ்ஸும் வைப்பார்கள். கேம் ஓடும்போது அது தாங்குவது பத்து நிமிடம். சேவ் செய்துவிட்டு அணைக்கத்தான் அந்தப் பத்து நிமிடம் என்று கடைக்காரர் சொல்லியே கொடுத்திருப்பார். வாங்கி வந்த இரவே அதைப் பதினாலாக்க எதையெல்லாம் அணைக்கலாம் என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடும்.