கச்சேரிக்கு டிக்கெட், நாடகம் இலவச இணைப்பு

நாடகக்காரர்கள் பொய் சொல்லிப் பிழைப்பவர்கள் என்பது பழைய ஏச்சு. இங்கிலாந்தின் துறைமுக நகரமான பிரிஸ்டலில் கொட்டகையே பொய் சொல்லித்தான் பிழைத்தது.

ஆரம்பத்தில் அந்தச் சாமர்த்தியம் இல்லை. 1729-இல் ஜான் ஹிப்பிஸ்லி என்ற நடிகர் ஜேக்கப்ஸ் வெல்ஸ் பகுதியில், ஊர் எல்லைக்கு வெளியே ஒரு கொட்டகை போட்டார். தீப்பெட்டி அளவு. மேடையின் ஒரு பக்கம் போனவர் மறுபக்கம் வர வேண்டுமானால், கட்டடத்தை வெளியே சுற்றி ஓடிவர வேண்டும். மழை நாளில் ராஜா சொட்டச் சொட்டத்தான் அரியணை ஏறியிருப்பார். பக்கத்தில் மதுக்கடை. நடுச்சுவரில் ஓட்டை போட்டு, நடிகர்களுக்கும் ரசிகர்களுக்கும் பாரபட்சமில்லாமல் சரக்கு வழங்கினார்கள்.

1737-இல் வந்தது வில்லங்கம். மேடைக் கிண்டலைத் தாங்கமாட்டாத பிரதமர் ராபர்ட் வால்போல் ஒரு சட்டம் போட்டார்: உரிமம் இல்லாமல் காசு வாங்கி நாடகம் நடத்தக்கூடாது. அன்றைய பிரிஸ்டலில் அடிமை வியாபாரம் சட்டப்படி நடந்தது, நாடகம்தான் சட்டவிரோதம்!

ஆனாலும் ஐம்பது பேர் ஆளுக்கு 50 பவுண்டு போட்டு, கிங் ஸ்ட்ரீட்டில் புது அரங்கு கட்டினார்கள். பங்குதாரருக்கு ஒரு வெள்ளி வில்லை. அதைக் காட்டினால் எந்த நாடகமும் ஓசி. கட்டடம் தெருவில் முகம் காட்டாமல் வீடுகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. 1766 மே 30 அன்று திறப்பு விழா. விளம்பரத்தில் நாடகம் என்ற பேச்சே இல்லை. 'கச்சேரியும் சொற்கலை மாதிரியும்' என்றார்கள். டிக்கெட் கச்சேரிக்கு; நாடகம் இலவச இணைப்பு. இந்தத் தில்லுமுல்லுக்கு லண்டனின் பெரிய நடிகர் டேவிட் காரிக் முன்னுரைப் பாட்டு வேறு எழுதிக் கொடுத்தார். 1778-இல் அரச உரிமம் கிடைத்து, அரங்கு 'தியேட்டர் ராயல்' என்று கௌரவமானது.

அதற்காகப் பொய் நின்றுவிடவில்லை. அரங்கின் உட்கூரைக்கு மேலே மரத் தொட்டியில் இரும்புக் குண்டுகளை உருட்டினால், கீழே உட்கார்ந்தவர்களுக்கு இடி இடிக்கும்.

1942-இல் அரங்கு விலைக்கு வந்தது. வாங்கவிருந்தவர் அதைப் பழ மண்டியாக்கும் உத்தேசத்தில் இருந்தாராம். ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் காப்பாற்றினார்கள். 1946-இல் அங்கே 'பிரிஸ்டல் ஓல்ட் விக்' குழு பிறந்தது. இப்போது அரங்குக்கும் அதே பெயர்.

2018-இல் புது முகப்பு கட்டி, ஒளிந்திருந்த பழைய சுவரைத் தெருவுக்குக் காட்டிவிட்டார்கள். ஆங்கிலம் பேசும் உலகிலேயே இடைவிடாமல் இயங்கிவரும் மிகப் பழைய அரங்கு என்பது அவர்களுடைய பெருமை. 1942-இல் மூடிக் கிடந்தது. 2007-இல் பழுதுபார்க்க மூடினார்கள். இருந்தாலும் 'இடைவிடாமல்'தான். பழகிய வாய், வேறெப்படிப் பேசும்?