சபரகமுவத் தோட்டப்புறக் கடிதங்களில் முத்திரைத் தெரிவு: ஓர் ஆய்வு

கடிதத்துக்கு எந்த முத்திரை ஒட்டுவது என்ற வினா தபால் கந்தோர் யன்னலடியில் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று உலகம் நம்புகிறது. இலங்கையின் முதல் முத்திரை, விக்டோரியா மகாராணியின் தலையோடு ஆறு பென்ஸ் விலையில், 1857 ஏப்ரல் முதலாந் தேதி வெளிவந்தது. அந்தத் தேதிக்கு உரிய கவனத்தை முன்னைய ஆய்வாளர்கள் கொடுக்கவில்லை.

முதலில் பசை. இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் முத்திரை உறையில் ஒட்டாது. பக்கத்து முத்திரையில் ஒட்டும். பிஸ்கட் தகரத்தில் பத்திரப்படுத்தியவை ஒரே கட்டியாக வெளிவரும். இதற்கு அஞ்சி அடுப்புக்கு மேலே செருகி வைப்போர் ஒரு மரபினர். அவர்களுடைய முத்திரைகள் புகையேறி, எந்த ஆட்சிக் காலத்தவை என்று சொல்ல முடியாதபடி இருக்கும். முகப்பவுடர் தூவி வைப்போர் இன்னொரு மரபினர். இவர்களுடைய முத்திரை வாசமாக இருக்கும், ஒட்டாது. ஆகவே இரு மரபும் கடைசியில் சோற்றுப் பருக்கையிடம் வந்து சேர்கின்றன. சம்பாச் சோறு உதிரி, உதவாது. சிவப்புப் பச்சையரிசிச் சோறு, அதுவும் இராச் சோறு, விசேஷம். ரப்பர் தோட்டங்களில் சிரட்டையில் மிஞ்சிய பாலையும் பரிசோதிக்கலாம். பிடிப்பில் குறை சொல்ல முடியாது. உறை, முத்திரை, மேசை மூன்றும் ஒன்றாகிவிடும் என்பதுதான் சங்கடம்.

அடுத்தது படம். 1935இல், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்தில் வந்த முத்திரை வரிசையில் ரப்பர் பால்வெட்டுக்கு 2 சதம், சிவனொளிபாதமலைக்கு 3 சதம், கொழுந்து பறிப்புக்கு 9 சதம் என்று விலை வைத்தார்கள். 1938இல் ஆறாம் ஜோர்ஜ் தலை வந்ததும் கொழுந்து 20 சதத்துக்கு ஏறிற்று. மலை அதே 3 சதம், பால்வெட்டு அதே 2 சதம். மூன்றே ஆண்டில் கொழுந்துக்கு இரு மடங்குக்கு மேல் உயர்வு, போராட்டமும் இல்லாமல் பேச்சுவார்த்தையும் இல்லாமல்! முத்திரையில் மட்டும்தான், அது வேறு விஷயம். யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துப் பால்வெட்டுக்காரர் தம் தொழிலையே முத்திரையாக ஒட்ட ஆசைப்பட்டிருந்தால் உறை நிறைய ஒட்டியிருக்க வேண்டும்.

வெளிநாட்டு முத்திரையை இரண்டு வரியில் விட முடியாது. 1964 ஒக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியோடு இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க செய்த ஒப்பந்தம் இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கிற்று. அம்மையார் பிறந்தது இரத்தினபுரியில். அவரிட்ட ஒரு கையெழுத்தைப்போல இம்மாவட்டத்துத் தபால் கந்தோர்களில் இந்தியாவுக்கான முத்திரையை விற்றுக்கொடுத்தது வேறொன்று இருக்க முடியாது. கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போன கடிதங்கள் மெல்லிய தாளில், இரு பக்கமும், ஓரத்திலும் எழுதப்பட்டன. பாரம் கூடினால் முத்திரை கூடும். ஆகவே துக்கச் செய்தியும் பொடி எழுத்திலேயே போயிற்று.

இனி இடப் பிரச்சினை. 2022 ஓகஸ்ட் 15 முதல் உள்ளூர்க் கடிதத்துக்குக் குறைந்த கட்டணம் 15 ரூபாயிலிருந்து 50 ரூபாயாயிற்று. கையிருப்பிலிருந்த பதினைந்து ரூபா முத்திரையில் மூன்றும் ஐந்து ரூபா ஒன்றும் ஒட்டினால் உறையில் கால்வாசி போய்விடும். தோட்டத்து முகவரியோ இடம் கேட்பது. வீட்டிலக்கம் இல்லாத இடத்தில் தகப்பன் பேர், மேற்கணக்கா கீழ்க்கணக்கா, மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்து லயம், மூன்றாவது காம்பிரா, தோட்டம், தபால் கந்தோர் என எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். கடைசியில் முத்திரைக்கும் ஊர்ப் பேருக்கும் எல்லைத் தகராறு.

இத்தனையும் சரியாகச் செய்தாலும், ஐம்பது ரூபா கடிதத்தைத் தோட்ட ஒப்பீஸ் வரைக்கும்தான் கொண்டுவரும். அங்கிருந்து காம்பிராவுக்கு உள்ள அரை மைலுக்கு இதுவரை முத்திரை அச்சிடப்படவில்லை. அந்தத் தூரம் கிளாக்கருடைய ஞாபகத்திலும், பெரட்டில் பேர் கூப்பிடும் கணக்கப்பிள்ளையின் மனநிலையிலும் நடக்கிறது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த மறுவாரம் நல்ல நிலையில், முத்திரை கிழியாமல் கைக்கு வருவது இதனால்தான்.

விவரம் தெரிந்தவர்கள் ஒப்பீசை நம்பாமல் டவுன் கடைக்காரர் பேரைப் போட்டு, மேற்பார்வை என்று எழுதுகிறார்கள். கடிதம் உடனே கிடைக்கிறது. ஆனால் அதை வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்ப முடியாது. ஒரு றாத்தல் பாணோ, கால் கிலோ கருவாடோ வாங்கியாக வேண்டும். கருவாட்டு விலையைத் தபாற் செலவில் சேர்ப்பதா, சாப்பாட்டுச் செலவில் சேர்ப்பதா என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் இணக்கம் ஏற்படவில்லை.