மரம் ஏறப் படிக்கிறேன், சித்தப்பா

கென்ட், இங்கிலாந்து

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது?

போன வாரம் போனில் நான் விஷயத்தைச் சொன்னதும் நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏல, பனையேறி வீட்டுப் பிள்ளை மரம் ஏறப் படிக்க லண்டன் போயிருக்காம்லா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னீர்கள். மறுநாள் காலையில் நம் தெருவிலிருந்து மூன்று பேர் எனக்கு வாட்ஸ்அப்பில் குரங்குப் படம் அனுப்பிவிட்டார்கள். ஆகவே விவரமாக எழுதுகிறேன். சத்தம் போட்டுப் படித்துக் காட்டுங்கள். இது லண்டன் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தவன். ஒரு வருஷம் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டினேன். பிறகு ஒரு மரம் வெட்டும் கம்பெனியில், கீழே நின்று கிளைகளை இழுத்து அரவை மெஷினில் போடும் வேலை கிடைத்தது. ஒரு நாள் டீ நேரத்தில் முதலாளி ஊரைப் பற்றிக் கேட்டார். எங்கள் சித்தப்பா காலையும் மாலையும் நாற்பது பனை ஏறுவார் என்றேன். கயிறு எப்படிக் கட்டுவார் என்றார். காலில் தளைநார் மட்டும்தான் என்றேன். மனுஷன் டீயைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்ஷூரன்ஸ்?" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே என்னைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார், பாதிப் பணம் அவருடையது.

முதலில் செயின்சா, அதாவது சங்கிலி ரம்பம். கையில் மெஷினைக் கொடுத்ததும் வெட்டலாம் என்று பார்த்தால், அரத்தைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். சங்கிலியில் ஒவ்வொரு பல்லையும் ஒரே சாய்வில் ராவவேண்டும். நீங்கள் பலகையில் பொடி போட்டுப் பாளை அரிவாள் தீட்டும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது இல்லையா, அதே மாதிரி ஒரு அமைதி. முனை மழுங்கிய கத்திதான் ஆளை வெட்டும் என்று ஆச்சி சொல்வாளே, அதை இங்கே சான்றிதழோடு சொல்கிறார்கள். சங்கிலி ஓடுகிற தகட்டின் நுனியில் மேல் பக்கம் மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். மாட்டுக்குப் பின்னங்கால் மாதிரி, நுனி எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரிந்திருக்கவேண்டும்.

இதற்கென்று ஒரு கால்சட்டை உண்டு. உள்ளே நூல் நூலாக அடைத்திருக்கும். ஓடுகிற சங்கிலி அதில் பட்டால் நூலெல்லாம் வெளியே வந்து பல்சக்கரத்தில் சுற்றி மெஷினை நிறுத்திவிடும். திருச்செந்தூர் போன வழியில் சித்தியின் சேலை சைக்கிள் சக்கரத்தில் மாட்டி இரண்டு பேரும் விழுந்தீர்களே, அந்தச் சேலை செய்த வேலையைத்தான் இந்தக் கால்சட்டை காசு வாங்கிக்கொண்டு செய்கிறது. முதல் வகுப்புக் கால்சட்டை என்றால் நொடிக்கு 20 மீட்டர் ஓடும் சங்கிலிவரை தாங்கும். தரையில் நிற்பவனுக்கு முன்பக்கம் மட்டும் நூல் இருந்தால் போதும். மரத்தில் தொங்குபவன் எப்படித் திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது, அதனால் அவனுக்குச் சுற்றிலும் வேண்டும். போட்டுக்கொண்டு நடந்தால் ஈரச்சாக்கைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

இனி ஏற்றம். நீங்கள் மரத்தைத் தழுவி ஏறுவீர்கள். இவர்கள் முதலில் ஒரு சின்னப் பையில் ஈயக்குண்டு போட்டு, மெல்லிய நூலைக் கட்டி, மேலே உள்ள கவட்டையைப் பார்த்து வீசுகிறார்கள். அது தாண்டி மறுபக்கம் விழுந்தால் அந்த நூலில் ஏறுகயிற்றைக் கட்டி இழுத்துக்கொள்ளலாம். மாங்காய் அடித்து வளர்ந்தவன்தானே என்று நானே முதலில் முன்னால் போனேன். முதல் வீச்சு பக்கத்து மரத்தில். இரண்டாவது முட்புதரில். மூன்றாவது, பயிற்சி வாத்தியார் டீ வைத்திருந்த வண்டியின் மேல். அன்று முழுக்க அவர் வண்டியை என் பார்வை படாத இடத்தில் நிறுத்தினார்.

கயிற்றில் ஏறுவதற்கு ஒரு முடிச்சு உண்டு. பாரம் விழுந்தால் இறுகும், கையால் தளர்த்தினால் நழுவும். கார்ல் புருசிக் என்ற ஆஸ்திரியாக்காரர் 1931இல் எழுதிவைத்த முடிச்சும் அதன் தம்பி தங்கைகளும்தான் இங்கே எல்லோருக்கும் படியளக்கின்றன. நான் முதல் நாள் நான்கு மீட்டர் உயரத்தில் தலைகீழாகத் தொங்கினேன். வௌவால் தங்குகிற மரத்தை இங்கே தொடக்கூடாது, சட்டம் இருக்கிறது. என்னைப் பார்த்து ஒருவன், இந்த மரத்தையும் இனி தொடமுடியாதே என்றான்.

ஒன்று உங்களுக்குப் பிடிக்கும். வெட்டிச் சாய்க்கப்போகிற மரம் தவிர, உயிருள்ள மரத்தில் இரும்பு முள் வைத்த காலணியோடு ஏறவிடமாட்டார்கள், மரத்துக்குக் காயம் என்று. இன்னொன்றும் சொல்கிறேன். ஆளைத் தூக்கும் கயிறு, பெல்ட், கொக்கி எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுந்த ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும், 1998 முதல் இது விதி. அது போக, ஏறுபவன் தினமும் தானே தடவிப் பார்க்கவேண்டும். தாத்தா விடியலில் தளைநாரை முழங்காலில் மாட்டி இழுத்து இழுத்துப் பார்ப்பார். அவர் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

சித்தப்பா, இதுவரை சிரித்தது போதும். மரத்தில் ஒருவன் ஏறினால், அவனை இறக்கத் தெரிந்த இன்னொருவன் கீழே நிற்கவேண்டும், இறக்குகிற கயிறும் அங்கேயே இருக்கவேண்டும். இது இல்லாமல் இங்கே ஏறுவது கிடையாது. வேலை தொடங்கும் முன்னே பக்கத்து ஆஸ்பத்திரி எது, ஆம்புலன்ஸ் எந்தப் பாதையில் வரும், யார் போனில் சிக்னல் இருக்கிறது என்று தாளில் எழுதுகிறார்கள். மேலே ஒருவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உடனே ஏறக்கூடாதாம். ஏன் ஆனது என்று முதலில் பார்க்கவேண்டும். மின்கம்பியா, முறிந்த கிளையா, குளவியா? அவன் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும், போன் செய்யவேண்டும், பிறகுதான் ஏறவேண்டும். அவசரப்பட்டால் இறக்கவேண்டியவர்கள் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள்.

இதை வாத்தியார் சொன்னபோது எனக்கு நம் ஓடைக்கரைப் பனை ஞாபகம் வந்தது. நான் ஏழாவது படித்த சித்திரை மாதம். உங்களுக்குத் தொடையில் குரக்குவலி பிடித்து, மட்டையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டீர்கள். கீழே ஊரே கூடியது. ஒருவர் காலை உதறச் சொன்னார். இன்னொருவர் வைக்கோல் பரப்பச் சொன்னார். ஆச்சிக்குச் சாமி வந்துவிட்டது. வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மேலத்தெருப் பெரியப்பா கிணற்று வடத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறினார். மட்டைகளுக்கு அடியில் வடத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, மறுமுனையை உங்கள் இடுப்பில் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார். கீழே வந்ததும் நீங்கள் முதலில் கேட்டது பீடி.

அரைகுறை இங்கிலீஷில் இதை வகுப்பில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் அந்தச் சுற்று எப்படி என்று கேட்டு, கையில் இருந்த கயிற்றில் போட்டுக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, உங்கள் பெரியப்பா எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார் என்றார். பிறகு கேட்டார்: "அவர் அன்று ஊரில் இல்லாமல் இருந்திருந்தால்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இங்கே உள்ளவர்களில் உங்களைப் போல ஏறுகிறவன் ஒருவனும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். நீங்கள் மூன்று பனை இறங்குவதற்குள் இவர்கள் பெல்ட்டே மாட்டி முடிக்கமாட்டார்கள். இவர்களுடைய கவட்டைக் கயிறு கிளை இல்லாத பனைக்கு உதவவும் உதவாது. ஆனால் கீழே ஒரு ஆள் நிற்கிறான்.

மாசியில் பாளை கட்ட ஏறும்போது தம்பியை மரத்தடியில் உட்காரவையுங்கள். போன் பார்த்துக்கொண்டாவது உட்காரட்டும். கிணற்று வடத்தையும் பக்கத்தில் போட்டுவையுங்கள். பெரியப்பா போட்ட அந்தச் சுற்றை, அவர் கண் நன்றாக இருக்கும்போதே தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். கருப்பட்டி அனுப்பினால் ஒரு சிப்பம் கூடுதலாக அனுப்பவும், வாத்தியாருக்குச் சொல்லிவிட்டேன்.

எனக்கு வரும் வியாழக்கிழமை பரீட்சை. மார்க் போடுவது எங்கள் வாத்தியார் இல்லை, வெளியிலிருந்து ஒருவர் வருகிறார். மயங்கியதாக நடித்து மேலே தொங்கப்போகிறவன், நான் இறக்கவேண்டியவன், நூற்றுப் பத்து கிலோ.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்