தோட்ட ஒப்பீஸ் பிரிண்டரும் அதன் அரசியலும்: ஓர் ஆய்வு

மலைநாட்டை ஆராய்ந்த அறிஞர்கள் கோப்பியை எழுதினார்கள், தேயிலையை எழுதினார்கள், கங்காணியை எழுதினார்கள். ஒப்பீஸ் மேசைக்கடியில் கிடக்கும் நீலக் கேபிளை எவரும் குனிந்து பார்க்கவில்லை. இக்குறை இன்றோடு நீங்குகிறது.

1992இல் அரசு வசமிருந்த தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது. அதே ஆண்டில் கன்பராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆய்வு மாணவர் ஒரு மென்பொருளை வெளியிட்டார். பின்னாளில் 'சாம்பா' எனப் பெயர் பெற்று, லினக்ஸும் விண்டோஸும் கோப்பையும் பிரிண்டரையும் பகிர வழிசெய்தது அதுவே. இவ்விரு நிகழ்வுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே தொடர்பு காண்பது ஆய்வாளன் கடமை.

ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். கிளாக்கரையாவிடம் விண்டோஸ் 98, அதோடு செக்ரோல் எனும் வேலை, சம்பளப் பதிவேட்டை அச்சடிக்கும் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர். பெரிய துரையிடம் எக்ஸ்பி. பெக்டரியில் சாம்பா ஏற்றிய லினக்ஸ். மூன்றையும் இணைப்பது அந்த நீலக் கேபிள். பெரட்டுக் களத்தில் துரையை வாக்குப்போட்டுத் தெரிவுசெய்ததாக வரலாறு இல்லை. இந்தக் கணினிகளோ வலையிலுள்ள கணினிகளின் பெயர்ப்பட்டியலை யார் வைத்திருப்பது என்று தமக்குள் தேர்தல் நடத்தும். புதிய விண்டோஸ் வெல்லும். சமமென்றால் நெடுநேரம் விழித்திருந்தது வெல்லும். சாம்பாவிலோ 'ஓஎஸ் லெவல்' என்ற எண்ணைக் கூட்டி எழுதினால் போதும், வெற்றி நமதே. இத்தேர்தலுக்குக் கண்காணிப்பாளர் எவரும் வருவதில்லை.

கரண்ட் போய் அணைந்த கணினியின் பெயர் அப்பட்டியலில் 36 நிமிடம் வரை நிற்கும். ஆள் மலைக்குப் போகாமலே செக்ரோலில் பேர் விழும் கலையை இயந்திரமும் கற்றுக்கொண்டது.

கணினியின் பெயர் 15 எழுத்தைத் தாண்டக்கூடாது. ஊர்ப்பெயரை வைக்கலாமென்றால், பொகவந்தலாவைக்கு ஆங்கிலத்தில் 13 எழுத்து. இடைக்கோட்டுக்கு ஒன்று போனால் மிச்சம் ஒன்றே. பெக்டரிக்கும் பீல்ட் ஒப்பீசுக்கும் அந்த ஓரெழுத்து 'எஃப்' என்பதால், இரண்டும் ஒரே பெயருக்குச் சண்டையிடும்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல், இக்கணினிகள் பேசும் பழைய பகிர்வு மொழியின் ஓட்டை வழியே பரவி உலகை உலுக்கியது. அவ்வாண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு, புதிதாக நிறுவும்போது அம்மொழியை முழுமையாகச் சேர்ப்பதை நிறுத்தியது. தேர்தலும் அதோடு போயிற்று. துரை புதுக் கணினி வாங்கினால் கிளாக்கரையாவின் பிரிண்டர் அவர் கண்ணுக்கே தெரியாது.

சம்பளமோ 10ஆம் திகதி. எனவே எமது தீர்ப்பு: பிரிண்டர் இருந்த இடத்திலேயே இருக்க, துரையின் கோப்பு பென் டிரைவில் ஏறிக் கிளாக்கரையாவிடம் நடந்து வரட்டும். விண்டோஸ் 98இல் பென் டிரைவுக்கும் தனி டிரைவர் போடவேண்டும்.